நாலு பட்டறை, ஏழு வாரம்: என் கார் ஏன் ஹீட் ஆனது

மதுரை செல்லூரில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். எட்டு மெஷின், பத்துப் பேர். ஆர்டர் பெரும்பாலும் தேனி ரோட்டில்தான்: உசிலம்பட்டி, ஆண்டிப்பட்டி, தேனி, போடி என்று சின்னச் சின்ன தனியார் பள்ளிகள். அளவெடுக்கப் போவது, மாதிரி காட்டுவது, மூட்டை இறக்குவது எல்லாமே என் 2014 மாடல் டீசல் காரில்தான். பழைய வண்டியாக வாங்கியது. கணவர் துபாயில் இருக்கிறார், அதனால் வண்டி விஷயம் முழுக்க என் பொறுப்பு. இந்த வருடம் மார்ச் கடைசியிலிருந்து மே நடுவரை அந்த வண்டி ஹீட் ஆகி ஹீட் ஆகி என்னைப் படுத்திய பாட்டில் எழுபதாயிரத்துக்கு மேல் போனது. கடைசியில் கோளாறு மூவாயிரம் ரூபாய்க்குள் சரியானது. அந்த ஏழு வாரத்தில் ஒருவராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ற ஆதங்கம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தொடக்கம் ஒரு சின்ன இடி. பிப்ரவரி கடைசியில் பழங்காநத்தம் பக்கம், முன்னால் போன டிராக்டர் சட்டென்று நின்றது, நான் மெதுவாகப் போய் அதன் டிரெய்லரில் முட்டிவிட்டேன். யாருக்கும் அடியில்லை. முன் பம்பர், கிரில், ஏசி கேஸைக் குளிரவைக்கும் கண்டென்சர் போய்விட்டன. இன்சூரன்ஸில் கேட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி, போய்விடும் என்று பார்த்து, தெரிந்தவர் சொன்ன ஒரு டிங்கர் பட்டறையில் விட்டேன். ஆறு நாள், 14,500 ரூபாய். வண்டியை எடுக்கப் போனபோது பெயின்ட் புதுசு போல மின்னியது. சுற்றி வந்து பார்த்தேன், மனசு நிறைந்தது, பணத்தைக் கொடுத்தேன். பம்பருக்குப் பின்னால் என்ன இருந்தது, என்ன திரும்ப மாட்டினார்கள் என்று கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

முதலில் சொன்னது ஏசிதான். காளவாசல் சிக்னலில் நிற்கும்போது ஏசியில் வெறும் காற்று வரும். பச்சை விழுந்து அச்சம்பத்து தாண்டி வேகம் எடுத்ததும் மறுபடி குளிரும். ஏசிக் கடையில் கேஸ் குறைவு என்று சொல்லி 1,800 ரூபாய்க்கு ஏற்றினார்கள். இரண்டு நாளில் அதே கதை. இன்று யோசித்தால் அதுதான் வண்டி எனக்குக் கொடுத்த முதல் எச்சரிக்கை. கண்டென்சர், எஞ்சின் தண்ணீரைக் குளிரவைக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது, காற்று முதலில் அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறது. ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது சுட்டால் கேஸைச் சந்தேகப்படுவதற்கு முன் காற்றைச் சந்தேகப்படுங்கள். ஃபேன் சுற்றுகிறதா, சுற்றினாலும் வெளிக்காற்றை இழுக்கிறதா, இந்த இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது வண்டியின் வேகமே காற்றைத் தள்ளிவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை.

ஏப்ரல் முதல் வாரத்தில் டெம்பரேச்சர் முள் ஏற ஆரம்பித்தது. முதல் மெக்கானிக், சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வை மாற்றி, கூலன்ட் ஊற்றினார். 2,850. நாலு நாள் கழித்து மறுபடி போனேன். ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கும் என்று புது ரேடியேட்டர் போட்டார். 8,400. மூன்றாம் தடவை போனபோது அவரே, ‘நீங்க வேற எங்கயாவது காட்டிப் பாருங்க மேடம்’ என்று சொல்லிவிட்டார். இரண்டாவது மெக்கானிக், வாட்டர் பம்ப் தண்ணீரைச் சரியாகத் தள்ளவில்லை என்றார். பம்ப், டைமிங் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 11,700. இவர்கள் யாரும் என்னை ஏமாற்ற நினைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருவர்கூட பாகத்தை மாற்றுவதற்கு முன் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் வெந்நீரில் போட்டால் அது திறக்கிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ரேடியேட்டரின் மேல் ஓஸும் கீழ் ஓஸும் எவ்வளவு சூடு என்று பார்த்தாலே தண்ணீர் ஓடுகிறதா என்று ஓரளவு தெரியும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் ஏதாவது கேட்டால், ‘வீட்ல சார் வரலையா மேடம்?’ என்பார்கள். அந்தக் கேள்வி அந்த மாதம் எத்தனை தடவை என் காதில் விழுந்தது என்று கணக்கே இல்லை. அதற்குப் பிறகு வாயைத் திறந்து அடுத்த கேள்வி கேட்கவே கூச்சமாகிவிடும்.

இதற்கு நடுவில் ஒரு உறவினர் சொன்ன யோசனையையும் கேட்டேன். பானெட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் போட்டு ஒரு விரல் அளவு தூக்கிவிட்டால் சூடு வெளியே போய்விடும் என்றார். இருநூறு ரூபாயில் செய்து கொடுத்தார்கள். நிற்கும்போது அந்த இடைவெளியில் அனல் எழுவது கண்ணுக்கே தெரிந்தது, நானும் நம்பினேன். ஆனால் ரோட்டில் வேகம் எடுத்ததும் காருக்குள் எஞ்சின் வாடை அடித்தது. முன் கண்ணாடியின் அடிவாரத்தில்தான் காற்று மோதி அழுத்தமாகச் சேர்கிறது. காருக்குள் காற்று எடுக்கும் துவாரத்தை அங்கே வைத்திருப்பதே அதனால்தான். வேகமாகப் போகும்போது அந்த இடைவெளி வழியாகக் காற்று வெளியே வருவதற்குப் பதில் எஞ்சினுக்குள் நுழையப் பார்க்கும், ரேடியேட்டர் வழியாக வருகிற காற்றை எதிர்த்துத் தள்ளும். மூன்றாம் நாளே வாஷரைக் கழற்றிவிட்டேன்.

அப்புறம்தான் ஆண்டிப்பட்டி கணவாய். ஏப்ரல் 20 வாக்கில், மதியம் இரண்டரை மணி. டிக்கியில் அறுபது செட் சீருடை. உசிலம்பட்டி தாண்டி ஏற்றத்தில், முன்னால் இரண்டு பார லாரிகள், இரண்டாவது கியரில் ஊர்ந்துகொண்டிருந்தேன், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முள் சிவப்பைத் தொட்டது. அந்த நொடியே ஓரம் கட்டி நிறுத்தியிருக்க வேண்டும். தனியாக இருக்கிறேன், இந்த இடத்தில் நிற்க வேண்டாம், கடை கண்ணி உள்ள இடமாகப் போய் நிறுத்தலாம் என்ற பயத்தில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அந்த இரண்டு கிலோமீட்டரின் விலை 31,000 ரூபாய். பானெட்டுக்கு அடியிலிருந்து ஆவி வர, வண்டி தானாக அணைந்தது.

இறங்கி, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனேன். பின்னால் வந்த லாரி டிரைவர் ஒருவர் ஓடி வந்து, ‘தாயி, மூடியத் தொடாதீங்க! மூஞ்சியெல்லாம் வெந்துரும்’ என்று கத்தினார். அவர் யாரென்றே தெரியாது, அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள். மூடியில் 0.9, 1.1 என்று ஒரு எண் இருக்கும். அவ்வளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த அழுத்தத்தால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்தால் அழுத்தம் போய், மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். அவர் முக்கால் மணி நேரம் கூடவே நின்றார். ‘முள்ளு ஏறும்போது ஹீட்டரப் போட்டீங்களா?’ என்று கேட்டார். மதுரை வெயிலில் ஹீட்டரா என்று விழித்தேன். முள் ஏறத் தொடங்கும்போதே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட வேண்டும். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் இழுத்து வெளியே விடும். ஓரம் கட்டி நிற்க அது அவகாசம் தரும். அப்படி வைத்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே தண்ணீர் இல்லை, அல்லது ஓடவில்லை என்று பொருள், உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெக்கவரி வண்டிக்கு 4,500. அடுத்த நாள் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கினார்கள். அலுமினிய ஹெட் வளைந்திருந்தது, அதற்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருந்தது. லேத்துப் பட்டறையில் ஹெட்டைச் சமன் செய்து, கேஸ்கெட், ஆயில், கூலன்ட், கூலி என்று 31,000. ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் எனக்கு சீசன் உச்சம். வாடகை வேனில் நாலு நடை, நடைக்கு 3,500. போடியில் ஒரு பள்ளி, நான் சொன்ன தேதிக்கு வரவில்லை என்று ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. மூன்று வருடமாக எனக்குக் கொடுத்துவந்த பள்ளி அது.

வண்டி திரும்பி வந்தது. புது ரேடியேட்டர், புது பம்ப், புது வால்வு, புது கேஸ்கெட். இனிமேல் எதுவும் மிச்சமில்லை என்று நினைத்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம், கோரிப்பாளையத்தில் வண்டிகள் எறும்பு போல நகர்ந்தன. இருபது நிமிடத்தில் முள் மறுபடி ஏறியது. ஏசியை அணைத்து, ஹீட்டரைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, அந்தக் கத்திரி வெயிலில் அந்த அனலை மூஞ்சியில் வாங்கிக்கொண்டு ஒரு சந்துக்குள் ஒதுக்கி நிறுத்தி அழுதேன். பணத்துக்காக மட்டும் இல்லை. எல்லாரும் சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன், இன்னும் எங்கே தப்பு என்று கேட்க ஒரு ஆள்கூட இல்லையே என்று.

என்னிடம் தைக்கும் ஒரு பெண்ணின் அப்பா லாரி ஓட்டுகிறவர். அவர்தான் பைபாஸ் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ரேடியேட்டர் அடைப்பு எடுக்கும் பெரியவரைச் சொன்னார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் கதையை ஆரம்பிக்கும்போதே கை காட்டி நிறுத்தி, ‘இடிச்சீங்களாம்மா?’ என்று கேட்டார். அதுவரை இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பிப்ரவரியில் என்றேன். பானெட்டைத் திறக்கச் சொன்னார், எஞ்சினையும் ஏசியையும் போடச் சொன்னார். ஒரு முழு நியூஸ் பேப்பரை விரித்து கிரில் முன்னால் பிடித்தார். ஃபேன் சுற்றியதும் பேப்பரின் நடுப்பகுதி உள்ளே ஒட்டியது, இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் படபடத்தது. பிறகு ஒரு கொத்து ஊதுபத்தியைக் கொளுத்தி, ரேடியேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில், எஞ்சின் பக்கம் நீட்டினார். ‘புகை எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க’ என்றார். புகை பின்னால் எஞ்சினைப் பார்க்கப் போகவில்லை. பக்கத்து இடைவெளி வழியாக முன்னால் வந்து, கண்டென்சர் மேல் திரும்பி, மறுபடி உள்ளே போனது. கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அந்த இடைவெளியில் சுடுகாற்று முன்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது.

என் வண்டி தான் விட்ட மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. ரேடியேட்டருக்கு இரண்டு பக்கமும் பம்பர் வரைக்கும் பிளாஸ்டிக் தகடு இருக்க வேண்டும், ஓரத்தில் ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும். என் வண்டியில் இரண்டுமே இல்லை. எஞ்சினுக்கு அடியில் வரும் கவரும் இல்லை. டிங்கர் பட்டறையில் பம்பரைக் கழற்றியபோது கழற்றியவை, திரும்ப ஏறவில்லை. முந்தின வருடம் எலி வயரைக் கடித்ததால் கிரிலுக்குப் பின்னால் நானே கட்டச் சொன்ன நுண்ணிய கம்பி வலை ஒன்று இருந்தது. அதையும் அவர் தட்டிக் காட்டினார். எலிக்கு அடைத்த வலை, வருகிற கொஞ்சக் காற்றையும் குறைத்திருக்கிறது.

அவர் விளக்கியது எனக்கு இப்படிப் புரிந்தது. எரிகிற டீசலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டப் பயன்படுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் ரேடியேட்டருக்குச் சுமந்து வருகிறது. அங்கிருந்து அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியது காற்று. நாங்கள் மாற்றியதெல்லாம் தண்ணீரின் வழியில் இருந்த பொருள்கள், காற்றின் வழியை யாரும் பார்க்கவில்லை. வாய்க்கால் கரையில் உடைப்பு இருந்தால் மடையைத் திறந்து வைத்தும் வயலுக்குத் தண்ணீர் ஏறாது அல்லவா, அப்படித்தான் இதுவும். ரேடியேட்டரின் சின்னச் சின்னச் செதில்களுக்குள் நுழைந்து போவது காற்றுக்குக் கஷ்டம். பக்கத்தில் இடைவெளி கிடைத்தால் அந்த வழியாகவே சுற்றிப் போய்விடும். வண்டி ஓடும்போது முன்னால் வந்த காற்று ஓரத்தில் தப்பிவிடும், நிற்கும்போது எஞ்சின் பக்கத்து அனல் அதே ஓரத்தில் முன்னால் திரும்பி வரும். அடிக் கவர் இல்லை என்றால் கீழேயும் இதே சிக்கல். கவர் காற்றை அடைக்கும், கழற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்று நிறையப் பேர் சொல்வார்கள், நானும் நம்பியிருப்பேன். உள்ளே வந்த காற்று எஞ்சினைச் சுற்றிவிட்டு அடிவழியாக வெளியேற வேண்டும். கவர் இல்லாவிட்டால் ரோட்டுக் காற்று கீழிருந்து ஏறி வந்து அந்த வழியை மறிக்கும். வெளியேற வழி இல்லை என்றால் முன்னாலிருந்து புதுக் காற்று எப்படி உள்ளே வரும்?

அடிக் கவர் 1,480, பக்கத் தகடுகள் 340, 290, கிளிப்புகள் 150, ஸ்பாஞ்ச் பட்டை 100. மொத்தம் 2,360, மாட்டுவதற்குக் கூலி 500. வலையைப் பிய்த்து எறிந்தார். நான் ஏற்கெனவே 900 ரூபாய்க்கு, ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகி எஞ்சின் சூட்டைப் போனில் டிகிரியாகப் பார்க்கும் சின்ன ஸ்கேனர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். தகடு மாட்டுவதற்கு முன், நின்ற இடத்தில் ஏசியோடு பன்னிரண்டு நிமிடத்தில் 107 காட்டியது. மாட்டிய பிறகு அரை மணி நேரம் விட்டோம். 97 வரை ஏறும், ஃபேன் சுற்றும், 92க்கு இறங்கும். அதற்கு மேல் போகவே இல்லை. இந்த ஸ்கேனரை எல்லாருக்கும் சொல்வேன். நிறைய வண்டிகளில் முள் சரியான சூட்டை அப்படியே காட்டாது, சூடு கொஞ்சம் ஏறினாலும் நடுவிலேயே நின்றுவிட்டுத் திடீரென்று பாயும். சில வண்டிகளில் முள்ளே கிடையாது, வெறும் சிவப்பு விளக்குதான். எண்ணாகப் பார்த்தால் ஐந்து டிகிரி ஏறும்போதே தெரிந்துவிடும்.

இனி யாராவது முன்பக்கம் டிங்கர் வேலைக்கு விட்டால் செய்ய வேண்டியதாக எனக்குத் தோன்றுவது இவை. வண்டியை விடும் அன்றே பம்பரைக் கழற்றும்போது கூட நின்று, உள்ளே இருப்பதை எல்லாம் போனில் படம் எடுங்கள். அடியிலும் ஒரு படம். கழற்றிய பழைய பொருள், உடைந்ததே ஆனாலும், ஒரு சாக்கில் போட்டு உங்களிடம் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் எது திரும்ப ஏறவில்லை என்று தெரியும். உடைந்த பிளாஸ்டிக்குக்குப் பதில் புதுசு பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவில் டார்ச் அடியுங்கள். மேலிருந்து தரை தெரிந்தால் கேளுங்கள். எலிக்கு வலை கட்டுவதாக இருந்தால் கிரிலை விட்டுவிட்டு வேறு வழி பாருங்கள். கூடுதல் ஹாரன், விளக்கு எதையும் கண்டென்சர் முகத்துக்கு நேராகத் தொங்கவிடாதீர்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பஞ்சும் பூச்சியும் மெத்தை போலப் படியும். கழுவும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியின் அழுத்தத்தில் செதில்கள் மடங்கிவிட்டால் அதுவே ஒரு அடைப்பு. அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றினால் குற்றமில்லை, ஊர் வந்ததும் கூலன்டைச் சரியான கலவைக்கு மாற்றிவிடுங்கள். மெக்கானிக்கிடம் போனால் ‘ஹீட் ஆகுது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், நிற்கும்போதா, ஏற்றத்திலா, வேகத்திலா, ஏசி போட்டாலா, இதற்கு முன் எங்கே இடித்தது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் இடித்த விஷயத்தைப் பெரியவர் கேட்கும்வரை சொல்லவே இல்லை. அது முடிந்துபோன வேலை என்று நினைத்திருந்தேன்.

கணக்கு எழுதிப் பார்த்தேன். ஏசி கேஸ் முதல் ஹெட் வேலை வரை 60,450. வேன் வாடகை 14,000. போன ஆர்டர் இதில் சேரவில்லை.

மே கடைசியில் அந்த டிங்கர் பட்டறைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். பட்டறைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘அது வெறும் பிளாஸ்டிக்தானே மேடம், கிளிப்பு உடைஞ்சிருக்கும், அதான் விட்டிருப்பானுக’ என்றார். அவர் முகத்தில் பொய் இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. என் தகடுகளைத் தேடித் தரச் சொன்னேன். கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனார். சுவரோரம் ஒரு குவியல். அதில் இரண்டு நிமிடத்தில் என்னுடையதை எடுத்துவிட்டேன், ஓரத்தில் என் வண்டியின் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தது. மிச்சக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு வேறு வண்டிகளின் பக்கத் தகடுகள், அடிக் கவர்கள், இருபதுக்குக் குறையாது. இந்த வண்டிக்காரர்களுக்கு எல்லாம் போன் போட்டுச் சொல்லுங்கள் என்றேன். ‘யார் யாருதுன்னு எப்படிங்க மேடம் தெரியும்?’ என்றார். என்னுடைய இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.